வீட்டு மின்வேலையின் தரம் அறிதல்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுக் கூட்டமென்றால் சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். ஆனால், வீடுகளிலே பழைய வயறிங்கைக் கழற்றிவிட்டுப் புதிது போடுகிறவர்கள் பலராகிவிட்ட இந்நாளில், செய்த வேலை நல்லதோ கெட்டதோ என்று அறியும் வழியைச் சொல்லுமாறு மன்றத்தார் கேட்டுக்கொண்டார்கள். மின்வேலையோடு நெடுநாள் பழகியவன் என்றபடியால் நானும் இசைந்தேன். பொருள் சிறியதுபோலத் தோன்றும். ஆயினும், அது வீட்டிலுள்ள சிறு பிள்ளையின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை நினைத்தால், சிறியதென்று தள்ளிவிட முடியாது.

நமது கப்பல்துறையையும் சூழவுள்ள ஊர்களையும் எண்ணிப் பாருங்கள். திருகோணமலைப் பட்டினத்திலே மரச்சட்டத்துக்குள் றப்பர் உறைக் கம்பி ஓடிய பழைய ஓட்டு வீடுகள் இருந்தன. சில இன்னும் இருக்கின்றன. யுத்தத்திலே உடைந்து, அறை அறையாகத் திருத்திய வீடுகள் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரத்திலே அவசரமாக எழுந்த வீடுகள் உண்டு. 2006ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்து, 2015ஆம் 2016ஆம் ஆண்டுகளில் சொந்த மண்ணுக்குத் திரும்பிய சம்பூர் மக்கள் மீண்டும் கட்டிய வீடுகளும் உண்டு. இவற்றிலே எத்தனையோ வீடுகளில், இருந்த கம்பியோடு இன்னொரு கம்பியை முறுக்கி அடுத்த அறைக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த முறுக்கெல்லாம் இன்று கணக்குக் கேட்கின்றன.

லக்சபானா நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது. இலங்கை மின்சார சபை 1969ஆம் ஆண்டிலே அமைந்தது. அந்தக் காலத்து வீட்டுக்கு மின்சாரம் என்றால் நான்கைந்து மின்குமிழும் ஒரு வானொலியுந்தான். 60 உவாற்றுக் குமிழ் எட்டை ஒருங்கே ஏற்றினாலும் 2 அம்பியர்தான் ஓடும். இன்று குசினியிலே தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் ஒன்றே 2000 உவாற்று. அது தனியே ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கிறது. அதற்கு மேலே குளிர்சாதனப் பெட்டி, மின்னழுத்தி, கிணற்று நீர்ப்பம்பி எல்லாம் வந்துவிட்டன. கம்பி அன்றைய கம்பி. சுமையோ இன்றைய சுமை. ஆகவே வயறிங் மாற்றுவது ஆடம்பரமன்று, அவசியம்.

இனி, வேலையை மதிப்பிடுவதற்கு வருவோம். மேசன் கட்டிய சுவர் சரிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஓடாவி செய்த கதவு பூட்டுப்படாவிட்டால் கைக்குத் தெரியும். மின்வேலை அப்படியன்று. நல்ல வேலை செய்தாலும் விளக்கு எரியும். கெட்ட வேலை செய்தாலும் அதே விளக்கு அதே வெளிச்சத்தோடு எரியும். "விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆகவே வேலை சரி" என்று கூலியைக் கொடுத்து அனுப்புகிறோமே, அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளிலே மின்வேலையின் தரம் தெரியாது. ஏதாவது பிழைத்துப்போகும் நாளிலேதான் தெரியும். அந்த நாள் வருமுன்னரே தெரிந்துகொள்வதற்கு என்ன வழி என்பதே இன்றைய கேள்வி.

அன்றியும், இதைப் பார்க்க வேறு ஆள் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். புதிதாக மின்னிணைப்புப் பெறும்போது, தகுதி வாய்ந்தவர் கையொப்பமிட்ட பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். இணைப்பு ஏற்கெனவே உள்ள வீட்டின் உள்ளே கம்பியை மாற்றும்போது, பெரும்பாலும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரே மேற்பார்வையாளர். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டால், சுவரும் மூடிக்கொள்ளும்.

முதலாவது, ஆளைத் தெரிவு செய்தல். ஒரு வயர்மன் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வாசலில் நின்றபடியே, "எத்தனை பொயின்ற்?" என்று கேட்டு விலை சொல்லுகிறவர் ஒருவர். மீற்றர் இருக்கும் இடத்தைப் பார்த்து, பகிர்வுப் பெட்டியைத் திறந்து, "பம்பி எங்கே இருக்கிறது? குளிரூட்டி வைக்கும் எண்ணம் உண்டா? புவிக்கோல் எங்கே புதைத்திருக்கிறது?" என்று விசாரிக்கிறவர் மற்றொருவர். இரண்டாமவரையே நான் தெரிவு செய்வேன். அவருடைய கேள்விகளே அவருடைய முதலாவது சான்றிதழ்.

உண்மையான சான்றிதழையும் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய தொழில்சார் தகைமை என்ற முறை நம் நாட்டிலே 7 நிலைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. வீட்டு மின்னியலாளர் தொழிலுக்கும் அதிலே இடமுண்டு. 3ஆம் நிலையையோ 4ஆம் நிலையையோ பெற்ற ஒருவர், ஒரு பரீட்சகரின் முன்னே வேலை செய்து காட்டியவர் என்று கொள்ளலாம். ஆனால், கடதாசி மாத்திரம் போதாது. அவர் மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னர் வேலை செய்த ஒரு வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். "விளக்கு எரிகிறதா?" என்று கேட்கவேண்டாம். "ஒரு பழுது வந்தபோது கூப்பிட்டீர்களா? வந்தாரா?" என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பகிர்வுப் பெட்டியிலே எந்தச் சுற்றுடைப்பான் எந்த அறைக்கு உரியது என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதி வைத்தவர் பின்னால் வருகிறவரையும் நினைத்து வேலை செய்தவர்.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொயின்ற் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசுவது நம் வழக்கம். கணக்குக்கு அது இலேசு. ஆனால், பொயின்ற் பொயின்றாகக் காசு எண்ணும்போது, விரைந்து முடிப்பவனுக்கே இலாபம்; மூட்டை இறுக்கிப் பார்ப்பவனுக்கும், கடைசியிலே சோதித்துப் பார்ப்பவனுக்கும் அந்த நேரத்துக்குக் கூலியில்லை. ஆகவே, சோதனைக்கென்று தனியாக ஒரு தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நூறு ரூபாயைக் குறைத்துப் பேசுகிற நாம், எதைக் குறைக்கும்படி அவரைத் தூண்டுகிறோம் என்பதை யோசிக்கவேண்டும். அவர் உங்கள் முன்னிலையில் ஆளியையும் குதையையும் குறைக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாததைத்தான் குறைப்பார்.

இரண்டாவது, சுவர் மூடுமுன் பார்த்தல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. குழாய் பதித்து, கம்பி இழுத்து, சீமெந்து பூசுவதற்கு முன்னுள்ள அந்த ஒரு நாளை விட்டுவிட்டால், பின்னர் சுவரை உடைத்துத்தான் பார்க்கவேண்டும். அன்றைக்குப் பிரதான ஆளியை நிறுத்தி வைத்துவிட்டு, வயர்மனையும் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். கைத்தொலைபேசியால் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு சுவாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

என்ன பார்ப்பது? கம்பியின் பருமனைப் பாருங்கள். நம் நாட்டுக் கம்பிச் சுருளிலே 1/1.13 என்றும் 7/0.67 என்றும் எழுதியிருக்கும். முன்னது இழையின் தொகை. பின்னது ஒவ்வோர் இழையின் விட்டம், மில்லிமீற்றரில். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர். அது விளக்குக்குப் போதும். 7/0.67 என்பது ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். குதைகளுக்கு அது வேண்டும். விளக்குக் கம்பியிலிருந்து கிளை எடுத்துக் குசினிக் குதைக்குக் கொடுத்திருந்தால், அந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கம்பிக்கு ஏற்ற சுற்றுடைப்பானும் வேண்டும். விளக்குச் சுற்றுக்கு 6 அம்பியர் போதும். அந்தக் கம்பிக்கு 32 அம்பியர்ச் சுற்றுடைப்பானைப் போட்டால், கம்பி வெந்து போகும்வரை காவலாளி உறங்குவான்.

அடுத்தது மூட்டு. கம்பியை ஒட்டி இணைப்பதானால் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள், திருகாணி முனையத்திலே இணைக்கவேண்டும். கையால் முறுக்கி, ஒட்டு நாடாவைச் சுற்றி, குழாய்க்குள்ளே தள்ளிவிடக் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குச் சொல்லுகிறேன். தளர்ந்த மூட்டின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 10 அம்பியர் ஓடினால், பத்தைப் பத்தால் பெருக்கி அரையால் பெருக்க, 50 உவாற்று வெப்பம் பிறக்கிறது. ஈயப்பற்று வைக்கும் பற்றுகோலின் சூடு, அதுவும் காற்றோட்டமில்லாத சுவருக்குள்ளே! நமது கடற்கரைக் காற்றிலே உப்பு உண்டு. வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் ஈரமும் சேரும். இரண்டும் சேர்ந்து செம்பிலே பச்சைக் களிம்பை ஏற்றும். மூட்டின் தடை வருடத்துக்கு வருடம் கூடும். வறண்ட இடத்திலே இருபது வருடம் தாங்கும் மூட்டு, கடலோரத்திலே அவ்வளவு தாங்காது. ஆதலால், வெளிப்புற விளக்கு, கிணற்றடி, குளியலறை ஆகிய இடங்களிலே மழைநீர் புகாத பெட்டி போட்டிருக்கிறதா என்று விசேடமாகக் கவனிக்கவேண்டும்.

நிறங்களையும் பாருங்கள். முன்னாளிலே உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற்கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. இந்நாளிலே உயிர்க்கம்பி மண்ணிறம், நொதுமற்கம்பி நீலம், புவிக்கம்பி பச்சையும் மஞ்சளும். பழையதும் புதியதும் கலந்துள்ள வீட்டிலே இது பெரிய குழப்பத்தைத் தரும். கையிலே இருந்த மிச்சக் கம்பியைக் கொண்டு, புவிக்கம்பிக்குரிய நிறத்தை உயிர்க்கம்பிக்குப் பயன்படுத்துகிறவரும் உண்டு. அடுத்த முறை அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது வைத்த பொறி.

மூன்றாவது, வேலை முடிந்தபின் சோதித்தல். நான்கு சோதனைகளை உங்கள் கண்முன்னே செய்து காட்டும்படி கேட்கவேண்டும். நீங்களாகச் செய்யப் புறப்படவேண்டாம். பார்த்து நின்றால் போதும்.

ஒன்று, காவல் உறைச் சோதனை. மெகர் என்ற கருவியால் 500 வோல்ற்று அழுத்தத்தைக் கொடுத்து, கம்பியின் உறையினூடாக மின் கசிகிறதா என்று பார்ப்பது. 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் வேலையை ஏற்கக் கூடாது. புதுக் கம்பியானால் அளவு அதைவிட மிக உயர்ந்து நிற்கவேண்டும். இழுக்கும்போது குழாயின் கூர் விளிம்பு உறையைக் கீறியிருந்தால் அதை இந்தக் கருவி காட்டும், விளக்கு காட்டாது.

இரண்டு, ஆளி உயிர்க்கம்பியிலே இருக்கிறதா என்ற சோதனை. நொதுமற்கம்பியை வெட்டும்படி ஆளியைப் பொருத்தினாலும் விளக்கு அணையும். ஆனால், குமிழ் பூட்டும் இடத்திலே மின்சாரம் அப்படியே நிற்கும். ஆளியை நிறுத்திவிட்டேன் என்ற துணிவோடு குமிழை மாற்றப் போகிறவரின் கை அதிலே படும். நான் பார்த்த ஒரு வீட்டிலே ஏழு ஆளிகளில் மூன்று இப்படி இருந்தன. வீட்டார் பதினொரு வருடம் அதோடு சீவித்திருக்கிறார்கள்.

மூன்று, புவித்தொடுப்பு. நான்கு, ட்றிப் சுவிச் என்று நாம் வழங்கும் எச்சவோட்டச் சுற்றுடைப்பான். இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஏனென்றால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பவர் பலர்.

குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே ஒரு கம்பி நைந்து, அதன் இரும்பு உடலிலே படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நமது மணல் நிலத்திலே புதைத்த புவிக்கோலின் தடை கோடையிலே 50 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ற்றை 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். 15 அம்பியர் உருகி இதற்கு அசையவே அசையாது. பெட்டி மின்னேறியபடியே நிற்கும். ஆகவே, நம் நிலத்திலே புவித்தொடுப்பை மாத்திரம் நம்பியிருக்க முடியாது. ட்றிப் சுவிச்சோ, போகிற மின்னோட்டத்தையும் திரும்பி வருகிற மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லியம்பியர் குறைந்தாலே ஒரு கண்ணிமைப்பொழுதிலே வெட்டிவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாள்ஸ் டால்சியல் என்பவர் மனித உடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று ஆராய்ந்தவர். சராசரி ஆண்மகன் ஏறத்தாழ 16 மில்லியம்பியருக்கு மேலே பற்றிய கம்பியைக் கைவிட இயலாமற் போகிறான் என்று அவர் கண்டார். 1961ஆம் ஆண்டிலே இவ்வகைக் காவற் கருவி ஒன்றையும் அமைத்தார். அவ்வளவு சிறிய ஓட்டம் போதும், உயிர் போவதற்கு.

அப்படியானால் ட்றிப் சுவிச் மாத்திரம் இருந்தால் போதாதா? போதாது. புவிக்கம்பி இல்லாத வீட்டிலே, மின்னேறிய பெட்டியிலிருந்து நிலத்துக்கு ஓட வழியில்லை. ஒருவர் வந்து தொடும்போது அவருடைய உடலே வழியாகிறது. அப்போதுதான் சுவிச் விழும். புவிக்கம்பி இருந்தாலோ, ஆள் தொடுமுன்னரே விழுந்துவிடும். இந்த வித்தியாசம் பெரிதல்லவா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். சுவிச்சிலே சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தியதும் சுவிச் விழுந்தால், "எல்லாம் சரி" என்று வயர்மன் சொல்லுவார். அந்தப் பொத்தான் சுவிச் நல்லது என்பதை மாத்திரமே காட்டும். புவிக்கோலே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் சுவிச் விழும். ஆகவே, புவிக்கோலின் தடையை அதற்குரிய கருவியால் அளந்து காட்டவும், ஒவ்வொரு குதையின் புவித்துளைக்கும் கோலிலிருந்து தொடர்பு உண்டு என்று காட்டவும் கேட்கவேண்டும். கண்ட அளவுகளை ஒரு கடதாசியிலே எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வாங்கி வையுங்கள். நல்ல வயர்மன் இதற்குக் கோபிக்கமாட்டார், மகிழ்வார். பொத்தானை நீங்களும் மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்துவாருங்கள்.

மழைக்காலத்திலே சுவிச் அடிக்கடி விழுகிறதென்று, அதை ஒரு கம்பித் துண்டால் தாண்டவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டு உறங்குவது போன்றது இது. சுவிச் விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

"ஐயா, இவ்வளவுக்கும் காசுக்கு எங்கே போவது?" என்று தாய்மார் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. முழு வீட்டையும் ஒரே முறையில் மாற்ற இயலாதவர் ஓர் ஒழுங்கிலே செய்யலாம். முதலிலே புவிக்கோலும் 30 மில்லியம்பியர் ட்றிப் சுவிச்சும். இரண்டாவது, நீர்ப்பம்பி, குளியலறை, குசினி ஆகியவற்றின் கம்பிகள். ஈரக்கை படும் இடங்கள் அவை. மூன்றாவது, மற்றக் குதைகள். பழைய உருண்டைக் கால் குதைகளை நீக்கி, இன்றைய நியமமான 13 அம்பியர்ச் சதுரக் கால் குதையைப் போடுங்கள். அதிலே புவிக்கால் நீளமானது. முதலிலே பொருந்தி, கடைசியிலே பிரியும். விளக்குகள் கடைசியாக வரட்டும். அலங்கார விளக்குக்கு முதலிலே காசு செலவழித்துவிட்டு, புவிக்கோலுக்குக் கடன் சொல்லவேண்டாம்.

மன்றத்து இளைஞர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். திருவிழாக் காலத்திலே நீங்கள் கட்டும் மின்விளக்குத் தோரணத்துக்கும் இந்த விதிகளே பொருந்தும். ஈர மண்ணிலே வெறுங்காலோடு நடக்கும் அடியார்கள் அதன் கீழே வருகிறார்கள். ட்றிப் சுவிச் இல்லாத ஒரு தோரணத்துக்கும் மின் கொடுப்பதில்லை என்று இன்றைக்கே தீர்மானம் செய்யுங்கள்.

உங்களிலே சிலர் ஏற்கெனவே கைப்பழக்கத்தால் மின்வேலை செய்கிறீர்கள். பள்ளியிலே கற்காமல் தொழிலிலே தேறியவரின் திறமையைச் சோதித்து, தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி நம் நாட்டிலே உண்டு. அதைத் தேடிப் பெறுங்கள். அதோடு, மன்றத்தார் காசு சேர்த்து மெகர் ஒன்றையும் புவித்தடை அளக்கும் கருவி ஒன்றையும் வாங்கி வைத்தால், தகைமை பெற்ற ஒரு தம்பி ஊரிலுள்ள வீடுகளை வருடந்தோறும் சோதித்துக் கொடுக்கலாம். மேடை போட்டு நடத்தும் விழாவுக்குக் குறைந்த தொண்டு அன்று அது.

சுவருக்குள்ளே போகும் கம்பியை வீட்டுக்காரர் பின்னர் பார்க்கப்போவதில்லை. பார்க்கமாட்டார் என்று தெரிந்தும் அதை ஒழுங்காகப் போடுகிறவனே உண்மையான தொழிலாளி. அவனை அறிந்து, உரிய கூலியைக் குறையாமற் கொடுத்து, மதித்து வைத்திருப்பது நமது கடமை.